படிக்காமல் வைத்த கைநாட்டு

எழுதப் படிக்கத் தெரியாத உழவன், வட்டிக்காரன் நீட்டிய பத்திரத்திலே கைநாட்டு வைத்தான். நிலம் பறிபோன பின்புதான் அதில் எழுதியிருந்தது என்னவென்று அறிந்தான். அது அவன் குற்றமன்று. கல்வியை மறுத்த காலத்தின் குற்றம்! அவன் பேரன் இன்று பட்டதாரி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலே, இயந்திர உறுப்புகளைக் கணினியில் வரைகிறான். மென்பொருளை நிறுவும்போது பக்கம் பக்கமாய் நிபந்தனைகள் ஓடுகின்றன. ஒரு வரியேனும் படித்தானா? இல்லை! ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்துகிறான். பாட்டன் வைத்தது மையிலே கைநாட்டு. பேரன் வைப்பது சுட்டியிலே கைநாட்டு. வேறுபாடு என்ன, தோழர்களே?

அந்த நிபந்தனைகளுக்கு உரிமம் என்று பெயர். நாடகம் எழுதுபவன் நான். நாடகத்தைக் கொண்டே விளக்குகிறேன்.

ஓர் ஆசிரியர், “பணம் கொடு, நடத்திக்கொள். படியெடுக்காதே, வசனத்தைத் தொடாதே, மூலப்படியைக் கேளாதே” என்கிறார். இது தனியுடைமை உரிமம், விண்டோஸ் இவ்வகை. விலை கொடுத்தவர் பெற்றது பயன்படுத்தும் அனுமதி, உடைமை அன்று. ஆண்டுச் சந்தா என்றால், சந்தா நின்றதும் கதவு சாத்தப்படும்!

மற்றொருவர், “எடு, மாற்று, விற்கவும் செய், என் பெயரையும் உரிமக் குறிப்பையும் நீக்காதே” என்கிறார். எம்.ஐ.டி., பி.எஸ்.டி. உரிமங்கள் இவ்வகை. மாற்றியவர் தம் படைப்பைப் பூட்டிக்கொள்ளத் தடையில்லை.

மூன்றாமவரோ, “எடு, மாற்று, ஆனால் அதைப் பிறருக்கு வழங்கும்போது, உனக்கு நான் தந்த உரிமையை அவருக்கும் தா” என்கிறார். 1989-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வகுத்த ஜி.பி.எல். இதுதான். பொதுவில் எடுத்ததைத் தனிப்பெட்டியில் பூட்டாதே என்பதே அதன் சாரம். லினக்ஸ் கரு 1992 முதல் இதன் கீழ் வளர்கிறது.

2011 செப்டம்பர் 15 அன்று, நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரிலே மாணவர்க்கான மடிக்கணினித் திட்டம் தொடங்கிற்று. அக்கணினிகளில் விண்டோஸும் இருந்தது. சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸும் இருந்தது. மாணவனுக்கு இரண்டுமே விலையின்றி வந்தவை. ஆயினும் லினக்ஸைப் படியெடுத்து அண்டைவீட்டானுக்குத் தரலாம்; விண்டோஸைத் தரலாகாது. இலவசம் வேறு, உரிமை வேறு!

“முதலாளி திருட்டுப்படியை நிறுவினார், எனக்கென்ன?” என்பீர்களோ? பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவு முதலாளியை மட்டும் சுட்டவில்லை. தெரிந்தே பயன்படுத்தும் எவரையும் சுட்டுகிறது. 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை. 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை தண்டம். வணிக ஆதாயம் இல்லாதபோதுதான் சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு. பட்டறையில் ஆதாயம் இல்லையென்று யார் சொல்வார்? இலாபம் அவருக்கு, வழக்கு உனக்கா?

கட்டற்ற மென்பொருளால் எல்லா வேலையும் முடியுமா? முடியாது, மறைக்கவில்லை. ஃப்ரீகேட், லிப்ரே ஆபீஸ் போதுமான இடத்தில் அவற்றைக் கையாளுங்கள். போதாத இடத்தில், கையுறை கேட்பதுபோல், தலைக்கவசம் கேட்பதுபோல், முறையான உரிமத்தையும் கேளுங்கள். அதுவும் தொழிலாளியின் பாதுகாப்பே!

நம் படிப்பகங்களிலிருந்தே தொடங்குவோம். அங்குள்ள கணினிகளில் இருப்பது எது, எந்த உரிமத்தில் என்று எழுதி ஒட்டுங்கள். கைநாட்டை ஒழிக்கப் பள்ளி கண்ட நாடு இது. படித்த பின்பும் கைநாட்டா வைப்பது?