தட்டு போகட்டும், தெருவில் பாட்டு கேட்கட்டும்

2020இல் கிறிஸ்துமஸும் வைகுண்ட ஏகாதசியும் ஒரே நாளில் வந்தன. டிசம்பர் 25, மார்கழி 10. திருச்செந்தூர் ரயிலில் போகிறவர்களுக்குத் தெரியும், ஆழ்வார்திருநகரிக்கு அடுத்த நிலையம் நாசரேத். ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடும் ஊரும், விடியல் ஆராதனைக்குப் பிள்ளைகளை எழுப்பும் ஊரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அந்த ஆண்டு கொரோனாவால் இரண்டு ஊர்களிலும் பண்டிகை வீட்டுக்குள் சுருங்கியது. நாசரேத்தைச் சுற்றியுள்ள எங்கள் கிராமங்களில் முதலில் நின்றது தெருத்தெருவாகப் பாடிச் செல்லும் கேரல் பவனி. அடுத்து நின்றது பலகாரத் தட்டு.

தட்டு என்றால் முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, இரண்டு வாழைப்பழம், மேலே ஒரு துணி. தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்த தட்டுக்கு டிசம்பரில் திருப்பிச் செய்யும் மரியாதை அது. வாங்கியவர்கள் வெறும் தட்டைத் திருப்பித் தர மாட்டார்கள், கொஞ்சம் சீனியாவது போட்டுத்தான் தருவார்கள். 2020இல் கொடுக்கப் போனவருக்கும் தயக்கம், வாங்க வேண்டியவருக்கும் தயக்கம். எங்கள் கிறிஸ்தவக் கோயிலின் கதவோ திறந்திருந்தது. கதவை ஒட்டிக் கைகழுவும் தண்ணீர், உள்ளே இடைவெளி விட்டுப் பெஞ்சுகள், பிறகு எல்லோரும் சேர்ந்து பாடினோம்.

நம் பயம் தட்டைப் பார்த்தது, காற்றைப் பார்க்கவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழு ஒன்று 2020 மார்ச் 10 அன்று இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்திருந்த 61 பேரில், உறுதியானவர்களும் ஐயத்துக்கு உரியவர்களுமாக 53 பேருக்கு நோய். இருவர் இறந்தார்கள். அடைத்த அறையில் வாய்விட்டுப் பாடுவது எவ்வளவு ஆபத்து என்பது அப்போதே பதிவாகிவிட்டது. பொருள்களைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகக் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. ஆபத்து குறைந்த தட்டையும் தெருவையும் நிறுத்தினோம். ஆபத்து மிகுந்த அறையை வைத்துக்கொண்டோம். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, அன்று எல்லோரும் பயந்துதான் இருந்தோம். ஆனால் 2021 டிசம்பர் 15ஆம் தேதி தமிழ்நாட்டில் முதல் ஒமைக்ரான் தொற்று உறுதியான பிறகும் அதே வரிசையில் யோசிப்பது சரியில்லை.

கேரல் பவனியை வெறும் பாட்டாக நினைப்பவர்கள் கிராமத்தை அறியாதவர்கள். மேளமும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் முன்னால் போக, பின்னால் வருகிற பெரியவர்கள் ஒவ்வொரு வாசலிலும் நின்று விசாரிப்பார்கள். யாருக்குக் கண் தெரியவில்லை, யார் மருந்து வாங்காமல் இருக்கிறார், யாருக்கு மகன் பணம் அனுப்பவில்லை என்பதெல்லாம் அந்த வாரத்தில்தான் ஊருக்குத் தெரியவரும். பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்க, தனியே வாழும் முதியவர்கள் நிறைந்த ஊர்கள் இவை. கப்பலில் இருப்பவர்களின் வீடுகளும் உண்டு. 2020 இறுதியில் உலகெங்கும் சுமார் 4 லட்சம் கடலோடிகள் ஒப்பந்தம் முடிந்தும் கப்பலைவிட்டு இறங்க முடியாமல் தவித்தார்கள் என்கிறது சர்வதேசக் கடல்சார் அமைப்பு. அவர்களின் தாய்மார் வாசலில் அந்த ஆண்டு யாரும் போய் நிற்கவில்லை.

வீட்டுக்குள் நடந்த ஒன்றை மட்டும் நன்றியோடு சொல்ல வேண்டும். தாயக்கட்டை வெளியே வந்தது. தாழ்வாரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டு, புளியங்கொட்டையும் சோழியும் காயாக, ஆச்சியும் பேரப்பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். தாயம் விழாமல் காய் இறங்காது. மலையில் நிற்கும் காயை வெட்ட முடியாது. ஒருமுறையாவது எதிராளியை வெட்டாமல் பழம் எடுக்க முடியாது என்பது எங்கள் ஆச்சியின் சட்டம். பள்ளிகள் மார்ச்சில் மூடியவை, அப்போதும் திறந்தபாடில்லை. ஒன்பது மாதமாகக் கைபேசிக்குள் இருந்த பிள்ளைகள், தம் முறைக்காகக் காத்திருப்பதையும் தோற்றபின் அழாமல் எழுவதையும் அந்தக் கட்டத்தின் முன் மறுபடி பழகினார்கள். “ஏல, அஞ்சு போட்டா அஞ்சுதாம்ல நவுத்தணும்” என்று ஆச்சி அதட்டியபோது, வீட்டில் அவர் பேச்சுக்கு வெகுநாள் கழித்து எல்லோரும் திரும்பினார்கள். அதுவரை அவர் மாத்திரை நேரத்தில் மட்டும் நினைவுக்கு வருகிறவராக இருந்தார்.

ஆனால் தாயத்துக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். தனியாக இருக்கும் முதியவருக்குக் குடும்ப விளையாட்டு என்ற ஆறுதல் கிடையாது. அவருக்கு இருப்பது தெருதான். ஆகவே இந்த 2021 கிறிஸ்துமஸுக்குத் திருச்சபையின் சேகரக் குழுக்களும் ஊர்ப் பெரியவர்களும் கட்டுப்பாடுகளைப் பேச உட்காரும்போது தெருவிலிருந்து தொடங்க வேண்டும். பத்துப் பேருக்கு மேல் வேண்டாம், முகக்கவசத்தோடு, முற்றத்துக்குள் நுழையாமல், வாசலுக்கு வெளியே நின்று ஒரு பாட்டு. இரண்டு தவணை தடுப்பூசியும் போட்டவர்கள் மட்டும் போகலாம். கோயிலுக்குள் ஜன்னல்களைத் திறந்து வைத்து ஆராதனையைச் சுருக்கலாம். மழை இல்லாத விடியலில் அதை மரத்தடிக்கே கொண்டுவரலாம். தட்டைத் தாராளமாக அனுப்பலாம்.

2020 கிறிஸ்துமஸுக்குப் பிறகு, கொரோனா இரண்டாம் அலையின் ஏப்ரலும் மேயும் வந்துபோயின. போன முறை தட்டு போகாத சில வீடுகளில் இப்போது வாங்க ஆள் இல்லை. மீதமுள்ள வீடுகளுக்கு இந்தக் கிறிஸ்துமஸுக்கு யார் யார் போவது என்பதை இன்றே எழுதி வைக்கலாம்.