வயது ஒன்றே தடையாகுமா?

சென்ற திங்கள் சால்ட் லேக்கில் வாழும் அன்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். 76 வயதான அவருடைய தந்தையார்க்குப் பித்தநாளத்தில் புற்றுநோய் என்று மருத்துவர் கூறியிருந்தார். கூடத்தில் உறவினர் தாழ்ந்த குரலில் வழக்காடிக்கொண்டிருந்தனர். "இந்த வயதில் கத்தி எதற்கு?" என்றார் ஒருவர். "எவ்வளவு செலவானாலும் ஆபரேஷன் செய்தே தீரவேண்டும்" என்றார் மற்றொருவர். நோயாளியோ அடுத்த அறையில் இருந்தார். அவரிடம் காமாலை என்று மட்டுமே சொல்லி வைத்திருந்தனர். இந்நிலை நம்முள் எக்குடும்பத்திற்கும் நேரலாம். ஆதலின் இத்திங்கள் இதனையே எழுத எடுத்துக்கொண்டோம்.

ஈரலில் ஊறும் பித்தநீரைச் சிறுகுடலுக்குக் கொண்டுசெல்லும் குழாயே பித்தநாளம். அதனுள் கட்டி வளர்ந்தால் வழி அடைபடும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், மலம் வெளுக்கும், உடலெங்கும் அரிப்பு உண்டாகும். தொடக்கத்தில் பலருக்கு வலி இராது. அதனாலேயே கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துக் காத்திருப்போர் பலர். நம் அன்பர் வீட்டிலும் மூன்று வாரம் அவ்வாறே கழிந்தது. முதியோர்க்குக் கண் மஞ்சளானால், பத்தியத்தோடு நில்லாமல் உடனே மருத்துவரிடம் காட்டி ஸ்கேன் எடுப்பதே அறிவுடைமை.

இந்நோயை வேரோடு களையும் வாய்ப்பு பெரும்பாலும் அறுவையிலேயே உண்டு. ஆனால் அது சிறிய அறுவையன்று. கட்டி ஈரலின் வாயிலில் இருந்தால், நாளத்தோடு ஈரலின் பெரும்பகுதியையும் நீக்க நேரும். 1965-இல் கிளாட்ஸ்கின் என்னும் அமெரிக்க மருத்துவர் விரித்துரைத்தது இவ்வகையே. கட்டி கீழ்முனையில் இருந்தால் கணையத்தின் தலைப்பகுதியும் முன்சிறுகுடலும் உடன் நீக்கப்படும்.

இதனை முதியவர் தாங்குவாரா? பிறந்த ஆண்டை மட்டும் கொண்டு மருத்துவர் முடிவு கூறுவதில்லை. இருதயம், நுரையீரல், சிறுநீரகம், சர்க்கரை, உடலின் ஊட்டம் ஆகியவற்றை ஆராய்வர். பிறர் துணையின்றிக் குளிக்கவும் நடக்கவும் இயலுமா என்று கேட்பர். 80 வயதில் தாங்குவாரும் உளர். 60 வயதில் நெடுநாள் நோயால் தளர்ந்து தாங்காதாரும் உளர். அடைப்பை நீக்கச் சிறு குழாய் வைத்தல், இரத்தம் உறைய வைட்டமின் கே ஊசி போடுதல், எஞ்சப்போகும் ஈரலை வளரச் செய்தல் என முன்னேற்பாடுகளுக்கே சில வாரங்கள் ஆகலாம். அதனை வீண் தாமதம் என்று எண்ணலாகாது.

மருத்துவரிடம் மூன்று வினாக்களைத் தயங்காமல் கேட்க வேண்டும். இவ்வறுவையை இங்கு ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கின்றீர்கள்? இவருடைய உடல்நிலைக்கு ஆபத்து எவ்வளவு? அறுவை இன்றேல் வேறு வழி யாது?

எங்குச் செல்வது என்பது அடுத்த கவலை. நமக்கு அண்மையில், நியூ டவுனில், டாடா மெடிக்கல் சென்டர் 2011 முதல் இயங்குகின்றது. சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் இரண்டாம் வளாகம் 2022-இல் அங்கே திறக்கப்பட்டது. வேலூருக்குச் செல்ல விழைவோர் இரயில்வே சலுகையை மறக்கவேண்டா. மருத்துவமனை உரிய படிவத்தில் சான்று அளித்தால், புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. வகுப்புகளில் கட்டணம் இல்லை. துணை செல்பவர்க்கு 75 சதவீதம் தள்ளுபடி உண்டு. ஆயினும் அறுவைக்குப் பின் மாதக்கணக்கில் உடனிருந்து பேணுவார் எங்கு உளரோ, அவ்வூரையே தேர்ந்துகொள்வது நன்று.

நம் அன்பர் இறுதியில் துணிந்து தந்தையாரிடம் உண்மையைச் சொன்னார். "தெரியுமப்பா, நீங்களாகச் சொல்லட்டும் என்றுதான் இருந்தேன்" என்றார் பெரியவர். பின்னர் தாமே மருத்துவரிடம் எல்லாவற்றையும் கேட்டறிந்தார். இருதயமும் சிறுநீரகமும் தளர்ந்திருந்தமையால் அறுவை வேண்டா என்றும், அடைப்பை நீக்கும் ஸ்டென்ட் போதும் என்றும் அவரே முடிவு செய்தார். நோய் தீரவில்லை, ஆயினும் அரிப்பு நீங்கி இரவில் உறங்குகின்றார். இப்பொழுது அவ்வீட்டில் எவரும் தாழ்ந்த குரலில் பேசுவதில்லை.

வேறொரு பெரியவர், உடல் இடங்கொடுத்தால், அறுவையையே தேர்ந்துகொள்ளலாம். அதுவும் முறையே. எம்முடிவாயினும் அவரைக் கேளாமல் கூடத்தில் எடுக்கப்படலாகாது என்பதே நம் வேண்டுகோள்.