நியூயார்க்கைக் காப்பாத்தற நம்மூர்ப் பொண்ணு

போன சனிக்கிழமை ராத்திரி ரெண்டரை மணிக்கு ஹால்ல லைட்டைப் போட்டுக்கிட்டு தனியா சிரிச்சிட்டு இருந்தேன். தங்கமணி எழுந்து வந்தாங்க, பார்த்தாங்க, ஒரு வார்த்தை பேசாம திரும்பிப் போய்ட்டாங்க. (திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்.) காலையில காபி குடுக்கும்போது "அப்படி என்ன புக்கு அது?"ன்னு கேட்டாங்க. முக்கால் மணி நேரம் பேசினேன். காபி ஆறிப்போச்சு. கடைசில "போதும், முழுக் கதையையும் சொல்லிடாதீங்க, நானே படிச்சுக்கறேன்"ன்னுட்டாங்க. அந்த முக்கால் மணி நேரத்தைத்தான் இங்கே இறக்கி வைக்கப் போறேன். உங்க காபிக்கு கம்பெனி பொறுப்பில்லை.

புத்தகம் என்.கே. ஜெமிசின் எழுதின 'தி சிட்டி வீ பிகேம்'. மார்ச் 2020-ல வந்தது. நியூயார்க்கைப் பத்தின நாவல், நியூயார்க் ஊரடங்குல கதவைச் சாத்தின அதே மாசத்துல கடைக்கு வந்துச்சு. என்ன ராசியோ. அர்பன் ஃபேண்டஸின்னு ஒரு வகை இருக்கு இல்லையா, ராஜா, வாள், டிராகன் எல்லாம் கிடையாது, நாம பஸ் பிடிக்கிற அதே தெருவுலயே மாயாஜாலம் நடக்கும், அந்த வகை. ஜெமிசின் சாதாரண ஆள் இல்லை. 2016, 2017, 2018-னு தொடர்ந்து மூணு வருஷம் சிறந்த நாவலுக்கான ஹ்யூகோ விருதை வாங்கினவங்க. அவங்களுக்கு முன்னாடி யாரும் அப்படி வாங்கினதில்லை.

கதை என்னன்னா, ஒரு ஊர் போதுமான அளவு வளந்து, அதுக்குன்னு ஒரு பாட்டு, ஒரு அழுக்கு, ஒரு திமிரு எல்லாம் சேந்துட்டா, ஒரு நாள் அதுக்கு உயிர் வந்துடும். வந்ததும் அங்கே இருக்கற ஒரு ஆளைப் பிடிச்சுக்கும். அதுக்கப்புறம் அந்த ஆள்தான் அந்த ஊர். சாவோ பாலோ, ஹாங்காங் எல்லாம் ஏற்கனவே பொறந்தாச்சு. இப்ப நியூயார்க்கோட முறை. பிரசவ நேரத்துலயே குழந்தையைக் கொல்றதுக்குன்னு வேற ஒரு உலகத்துலேர்ந்து எதிரி வந்து நிக்குது. முதல் சண்டையிலயே வில்லியம்ஸ்பர்க் பாலம் காலி. நியூயார்க்கா ஆன பையன், வீடு வாசல் இல்லாம சுவத்துல படம் வரைஞ்சுக்கிட்டு திரியற ஒரு கறுப்பினப் பையன், மயக்கம் போட்டு விழுந்துடறான். ஆனா நியூயார்க் ஒரே ஊர் இல்லையே? மன்ஹாட்டன், ப்ரூக்ளின், ப்ராங்க்ஸ், க்வீன்ஸ், ஸ்டேட்டன் ஐலண்ட்னு அஞ்சையும் 1898-ல தான் ஒண்ணாக் கட்டினாங்க. அதனால அஞ்சு பேர் முளைக்கறாங்க. அந்த அஞ்சு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தேடிக் கண்டுபிடிக்கணும், சண்டை போடாம சேரணும். ரெண்டாவதுதான் கஷ்டம்.

மன்ஹாட்டன் யார் தெரியுமா? பென் ஸ்டேஷன்ல அப்பத்தான் ரயிலை விட்டு இறங்கற ஒருத்தன். இறங்கின நிமிஷமே தன்னோட பேர் கூட மறந்துபோச்சு. ப்ரூக்ளின் ஒரு காலத்துல ராப் பாடிட்டு இப்ப நகர கவுன்சில்ல இருக்கற அம்மா. ப்ராங்க்ஸ், லெனாப்பே பழங்குடியைச் சேர்ந்த அறுபது தாண்டின ப்ரான்கா. கலைக்கூடம் நடத்தறாங்க, கால்ல இரும்பு பூட்ஸ், வாய்ல அதை விட கனமா வார்த்தைகள். எனக்கு ரொம்பப் பிடிச்ச கிழவி. ஸ்டேட்டன் ஐலண்ட், போலீஸ்கார அப்பாவுக்குப் பயந்த வெள்ளைக்காரப் பொண்ணு, பேர் ஐஸ்லின். (அந்தப் பேரை சத்தமா சொல்லிப் பாருங்க.)

ராத்திரி நான் சிரிச்ச இடம் இதுதான். மன்ஹாட்டன்காரனும் அவனோட ரூம்மேட்டும் இன்வுட் பூங்காவுல மாட்டிக்கறாங்க. டச்சுக்காரங்க பழங்குடிகள் கிட்டேருந்து அந்தத் தீவையே வாங்கினதா கதை சொல்ற பாறை இருக்கற இடம் அது. சுத்தி தரையிலேர்ந்து வெள்ளை வெள்ளையா ஏதோ முளைச்சு வருது. மந்திரமா? வாளா? ரெண்டும் இல்லை. பர்ஸைத் திறந்து ரூபாய் நோட்டை, சாரி, டாலர் நோட்டைத் தரையில வீசறான்! மன்ஹாட்டன்ல நிலத்தை வசப்படுத்த வேற என்ன மந்திரம் இருக்கு? நோட்டு விழுந்த இடத்துல அந்த சனியன் பின்வாங்குது. ஆனா கொஞ்சூண்டு தான். ஏன்னா அந்த ஊர் ரியல் எஸ்டேட் விலைக்கு அந்தக் காசு எம்மாத்திரம்? ஈ.எம்.ஐ. கட்டறவன் எவனும் இதைப் படிச்சுட்டு சிரிக்காம இருக்க முடியாது. அழுதாலும் அழலாம்.

இப்ப தலைப்புக்கு வரேன். க்வீன்ஸ் யாருன்னா, பத்மினி பிரகாஷ். இருபத்தஞ்சு வயசு. மேற்படிப்புக்கு வந்திருக்கற தமிழ்ப் பொண்ணு. ஆமாம், தமிழ். 'ஏதோ ஒரு இந்தியப் பொண்ணு' இல்லை. ஜாக்ஸன் ஹைட்ஸ்ல சொந்தக்காரங்க வீட்ல தங்கி, ஜன்னலோரம் உக்காந்து ப்ராஜெக்ட்டோட மல்லு கட்டிக்கிட்டு இருக்கா. கீழே பக்கத்து வீட்டு சீனப் பாட்டியோட பேரப்பசங்க நீச்சல் தொட்டியில விளையாடறாங்க. திடீர்னு தொட்டியோட அடி வேற ஏதோவா மாறுது. இவ ஓடறா. ஓடும்போதே மண்டைக்குள்ள சமன்பாடுகள் ஓடுது. கணக்குதான் அவளோட ஆயுதம்.

உண்மையைச் சொல்றேன், முதல் தடவை படிச்சப்ப கடுப்பானேன். தமிழ்னா கணக்கா? பரதநாட்டியமும் இட்லியும் தான் பாக்கின்னு நினைச்சேன். ஆனா அந்தக் காட்சியை மறுபடி படிச்சப்ப வேற ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. வேலைக்காகப் படிக்கிற படிப்பு அவளுக்கு சுமை. கணக்கு மட்டும் அவளுக்கு சந்தோஷம். நம்ம வீடுகள்ல இந்த ரெண்டையும் ஒண்ணாக் கலந்து ஊட்டி விட்டு, சந்தோஷம் எது சுமை எதுன்னே தெரியாம போன பசங்க எத்தனை பேர்! அதைப் பிரிச்சுப் பார்த்து எழுதினது அமெரிக்கால இருக்கற ஒரு கறுப்பினப் பெண்மணி. அப்புறம் நான் வாயை மூடிக்கிட்டேன். (பத்மினின்னு பேர் வெக்கற அளவுக்கு இந்தத் தலைமுறையில யார் இருக்காங்கன்னு ஒரு சின்ன சந்தேகம் மட்டும் பாக்கி இருக்கு. பாட்டி பேரா இருக்கும்.)

இந்த இடத்துல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2000 ஏப்ரல்லேர்ந்து பதினாலு மாசம் நான் அதே ஜாக்ஸன் ஹைட்ஸ்ல இருந்தேன். மூணு பேர் ஒரு ரூம். எச்1பி. தினமும் 7-ஆம் நம்பர் ரயில். எந்தப் பெட்டியில ஏறினா படிக்கட்டுக்கு நேரா இறங்கலாம்னு கண்ணை மூடிக்கிட்டு சொல்லுவேன். ஞாயித்துக்கிழமைன்னா அதே ரயில்ல ஃப்ளஷிங் போய், பிள்ளையாரை ரெண்டு நிமிஷமும் கேன்டீன் தோசையை அரை மணி நேரமும் தரிசனம் பண்ணிட்டு வருவோம். டாட்காம் பலூன் வெடிச்சப்ப ப்ராஜெக்ட் போச்சு. கம்பெனி பேர் வேண்டாம், டிக்கெட் போட்டுக் குடுத்தாங்க, அந்த மட்டும் நல்லவங்க. ரெண்டு பெட்டியோட ஊர் வந்து சேந்தேன். அதே வருஷம் செப்டம்பர் 11 ராத்திரி மாமா வீட்டு டி.வி. முன்னாடி உக்காந்திருந்தோம். என்னை அறியாம "ஐயோ, எங்க ஊருடா"ன்னு வாயில வந்துடுச்சு. மாமா திரும்பிப் பார்த்து, "உங்க ஊரா?"ன்னார். கிண்டல் கூட இல்லை, நிஜமாவே கேட்டார். எனக்கு பதில் சொல்லத் தெரியலை. பதினாலு மாசம் வாடகைக்கு இருந்தவன், கையில இருந்த விசா கூட கம்பெனி புண்ணியத்துல வந்தது, எங்க ஊருன்னு சொல்ல எனக்கு என்ன பாத்தியதை?

இந்த நாவல்ல மன்ஹாட்டன் அப்பத்தான் ரயிலை விட்டு இறங்கினவன். க்வீன்ஸ் விசாவுல இருக்கறவ. ஊர் தேடிப் பிடிச்சது இவங்களைத்தான். கிரீன் கார்டு இருக்கா, எத்தனை தலைமுறை, பாட்டன் பேர் என்னன்னு அது கேக்கவே இல்லை. அங்கேயே பொறந்து வளந்த ஐஸ்லினோ, ஃபெர்ரி டெர்மினல் வரைக்கும் வந்துட்டு ஏற முடியாம நடுங்கறா. அந்த ஃபெர்ரி இலவசம், இருபத்தஞ்சு நிமிஷத்துல மன்ஹாட்டன். முப்பது வயசு வரைக்கும் அதைத் தாண்ட விடாம அவளைப் பிடிச்சு வெச்சது அப்பா சொல்லிச் சொல்லி வளத்த பயம். ராத்திரி ரெண்டரை மணிக்கு சிரிச்சவன், மூணு மணிக்கு இந்த இடத்துல புத்தகத்தை மூடி வெச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

ஆபீஸ்ல கூட ஆணி புடுங்கற தம்பி ஒருத்தன் கிட்ட முதல் வாசிப்பு முடிஞ்சதும் இதைக் குடுத்தேன். நூறு பக்கத்துல திருப்பிக் குடுத்துட்டான். "அண்ணே, ஒரு கறுப்பு, ஒரு பழங்குடி, ஒரு தமிழ், ரூம்மேட் திருநம்பி. கோட்டா சிஸ்டம்ல கேரக்டர் போட்டிருக்காங்க. கதைன்னா கதையா இருக்கணும், அரசியல் எதுக்கு?"ன்னான்.

தம்பி, க்வீன்ஸ் ரயில்ல ஒரு தடவை போயிருந்தா இதைக் கேட்டிருக்க மாட்டே. 2020 கணக்கெடுப்புப்படி 24 லட்சம் பேர் இருக்கற பகுதி, கிட்டத்தட்ட பாதிப் பேர் வேற நாட்டுல பொறந்தவங்க. அங்கே நடக்கற கதையில அஞ்சு பேரும் ஒரே மாதிரி இருந்தாத்தான் அது யாரோ உக்காந்து கணக்குப் போட்டு செஞ்ச வேலை. இன்னொண்ணு, பேய்க்கதையில அரசியலை ஜெமிசின்தான் கொண்டாந்து நுழைச்சாங்களா? எதிரிக்கு விழுது விழுதா கை முளைக்குதே, அது எங்கேருந்து வருது? லவ்கிராஃப்ட் கிட்டேருந்து. ஆள் 1920-கள்ல ப்ரூக்ளின்ல குடியிருந்தார். சுத்தி இருந்த குடியேறிகளைப் பார்த்தாலே அவருக்கு ஆகாது. 1925-ல 'தி ஹாரர் அட் ரெட் ஹூக்'னு எழுதின கதையில அந்த மக்களே தான் பயங்கரம். உலக ஃபேண்டஸி விருதுன்னு குடுத்தது 2015 வரைக்கும் அவரோட தலை உருவச் சிலையைத் தான். ஜெமிசின் பண்ணினது, அவர் எழுதின பயத்தையே எடுத்து, அது யாரைப் பார்த்து வந்த பயமோ அவங்க பக்கம் நின்னு எழுதினது. அரசியல் புதுசில்லை. கேமராவை நகத்தியிருக்காங்க, அவ்வளவுதான். தம்பி ஒத்துக்கலை. லஞ்ச் டைம் முடிஞ்சு போச்சு.

குறையே இல்லையான்னா, இருக்கு. சில இடங்கள்ல பாத்திரங்கள் பேசறதை நிறுத்திட்டு பிரசங்கம் பண்ண ஆரம்பிச்சுடறாங்க. ப்ரான்காவோட கலைக்கூடத்துக்கு வந்து வம்பு பண்ற கும்பல், கெட்டவங்கன்னா இப்படித்தான்னு அட்டையில வெட்டி வெச்ச மாதிரி. ஸ்டேட்டன் ஐலண்ட்காரங்க இதைப் படிச்சா மனசு நோகும், அதுல நியாயமும் உண்டு. அங்கேயும் கிட்டத்தட்ட 5 லட்சம் பேர் இருக்காங்க, எல்லாரும் பயந்தாங்கொள்ளிகளா என்ன? என்னோட சொந்தப் புகார், பத்மினிக்குப் பக்கம் போதலை. மத்தவங்களுக்கு வயிறாரச் சாப்பாடு, எங்க பொண்ணுக்கு மட்டும் டிபன்.

அந்தப் புகார் எழுதினவங்களுக்கே கேட்டிருக்கும் போல. 2022-ல வந்த ரெண்டாம் பாகம், 'தி வேர்ல்ட் வீ மேக்'ல, பத்மினியோட வேலையும் விசாவும் தான் பெரிய தலைவலி. ஊரோட உயிரே அவதான், ஆனா வேலை இல்லைன்னா ஊரை விட்டுக் கிளம்பணும்! 2017-லேர்ந்து எச்1பி-காரங்களுக்கு வேலை போனா அறுபது நாள் அவகாசம்னு ஒரு விதி இருக்கு. எங்க காலத்துல அது கூட கிடையாது. மூணு பாகமா வரவேண்டிய கதையை ரெண்டுலயே முடிச்சுட்டாங்க, அந்த அவசரம் கடைசில தெரியுது. முதல் பாகம் அளவுக்கு இல்லை. ஆனா பத்மினிக்காக படிக்கலாம். ஆங்கிலம் கொஞ்சம் தடுக்கும்னு நினைக்கறவங்க ராபின் மைல்ஸ் குரல்ல ஒலிப்புத்தகமா கேளுங்க, ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு பேச்சு வழக்கு, பின்னணிச் சத்தம் எல்லாம் உண்டு. வண்டி ஓட்டும்போது மட்டும் வேண்டாம். எதுக்குன்னு கேக்காதீங்க, பம்பர் மாத்தியாச்சு.

படிச்சு முடிச்ச நாள்லேர்ந்து பஸ்ல போகும்போது இதே நினைப்புதான். நம்ம சென்னைக்கு உயிர் வந்தா ராயபுரம் யாரு, மயிலாப்பூர் யாரு, தி.நகர் யாரு? தி.நகருக்கு ரெண்டு கையிலயும் கட்டைப்பை இருக்கும், அதுல சந்தேகமே இல்லை. வேளச்சேரிக்கு முழங்கால் வரைக்கும் பேன்ட்டை மடிச்சு விட்டிருக்கணும். ராயபுரம் நிச்சயமா ஒரு மீன்கார அம்மாதான், ப்ரான்காவையே ஒரு வாங்கு வாங்கற ஆள். சௌகார்பேட்டைக்கு யாரு? மூணு தலைமுறையா இங்கேயே கடை வெச்சு, என்னை விட நல்லா மெட்ராஸ் தமிழ் பேசற சேட்டுப் பையனா, இல்லை, போன மாசம் சென்ட்ரல்ல வந்து இறங்கி அங்கே மூட்டை தூக்கற பீகார் பையனா? தங்கமணி ரெண்டாவது ஆளைத்தான் சொல்றாங்க. அவங்க இன்னும் பாதி கூடத் தாண்டலை. இதை டைப் பண்ணிட்டு இருக்கும்போதே உள்ளேருந்து குரல் வருது.

"என்னங்க, இந்த வெள்ளை டிரெஸ் போட்டுக்கிட்டு வர்றவ நல்லவளா கெட்டவளா?"

சொல்ல மாட்டேன்.