லேசாக இருப்பதால் மிதக்கிறதாம்!



நேற்று என் பேத்தியின் அறிவியல் நோட்டைப் பார்த்தேன். ஒளிச்சேர்க்கைச் சோதனையில் இலைத்துண்டு ஏன் மிதக்கிறது? "இலை லேசானது, அதனால்." பக்கத்தில் சிவப்பு மையில் 'சரி' வேறு! மனசு ஆறவில்லை.

லேசானது என்றால் முதலில் ஏன் மூழ்கியது? ஊசியில்லாத சிரிஞ்சில் சமையல் சோடாவும் ஒரு துளி சோப்பும் கலந்த நீரை எடுத்து, இலைத்துண்டுகளைப் போட்டு, முனையை விரலால் அடைத்து உள்தண்டை இழுத்துவிட்டால், இலைக்குள் இருந்த காற்று வெளியேறும், அங்கே நீர் புகும், துண்டு மூழ்கும். வெயிலில் வைத்தால், சோடா தரும் கரியமில வாயுவைக் கொண்டு இலை ஆக்சிஜனை உண்டாக்கும். அது உள்ளே சேரச் சேரத் துண்டு மேலே வரும். இருட்டில் வைத்தால் சுவாசத்தில் ஆக்சிஜன் செலவாகி மறுபடி மூழ்கும். லேசான இலை இருட்டில் மட்டும் கனத்துவிடுமா?

"செய்து பார்த்தீங்களாம்மா?" என்றேன். "வீடியோ போட்டாங்க தாத்தா" என்றாள். அதிலும் மிதந்ததை மட்டும்தான் காட்டினார்களாம்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். ஒரு சிரிஞ்சு, ஒரு சிட்டிகை சோடா, ஒரு கீரை இலை. இதற்கு ஆய்வகம் இல்லை என்று சாக்குச் சொல்லாதீர்கள். பெற்றோர்களே, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு செய்து பாருங்கள். எத்தனை நிமிடத்தில் மேலே வந்தது என்று கீழே எழுதுங்கள். நான் திருத்துகிறேன்.