போன்சாய் வைத்தால் வீடு வளராதா?

இந்த முறை கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு வரன் தள்ளிப் போகிறதே என்று போன மாதம் அம்மா ஒரு வாஸ்துக்காரரைக் கூப்பிட்டார். வாசல், கிணறு, சமையலறை எல்லாம் பார்த்துவிட்டு அவர் மாடிக்கு வந்தார். அங்கே நான் நாலு வருடமாக வளர்க்கும் கிரேப் மிர்ட்டில் போன்சாய் இருந்தது. "இதாம்மா தடை. வளர்ச்சி நின்னு போன மரம். இது இருக்கிற வீட்ல நல்ல காரியம் நடக்காது" என்றார். மறுநாள் காலையில் செடி கொல்லையில், எருக்குழி ஓரமாகக் கிடந்தது.

நான் பி.காம். படிப்பவன், தாவரவியல் மேதை இல்லை. ஆனாலும் நாலு வருடம் ஒரு செடியோடு இருந்தவனுக்குச் சில விஷயங்கள் தெரியும்.

முதல் விஷயம், போன்சாய் வளர்ச்சி நின்ற மரம் இல்லை. வளர்வதால்தானே வெட்டுகிறோம்! வேர் தொட்டியை நிறைத்துவிடும் என்பதால்தான் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, வேரைக் கத்தரித்து, புது மண் போடுகிறோம். அதிலும் கிரேப் மிர்ட்டில் (நம் பூமருதுக்குச் சொந்தக்காரச் செடி, இதழ் கசங்கிய காகிதம் மாதிரி இருக்கும்) அந்தந்தப் பருவத்தில் விடும் புதுத் துளிரின் நுனியில்தான் பூக்கும். துளிர் இல்லையென்றால் பூ இல்லை. அழகாக இருக்கட்டும் என்று நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தாலும் பூ இல்லை. குளிர் முடிகிற சமயத்தில் கவாத்து செய்துவிட்டு, பிறகு கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். இலையைச் சின்னதாக்கலாம், பூவைச் சின்னதாக்க முடியாது. முக்கால் அடி மரத்தில் முழு அளவுப் பூ... இதுவா வளர்ச்சி நின்ற லட்சணம்?

அடுத்து, "வெட்டுவது பாவம்" என்கிறார்கள். மல்லிக்கும் முருங்கைக்கும் கவாத்து செய்யும்போது யாராவது பாவம் என்றார்களா? நல்ல வெயில் கேட்கிற செடியை வாங்கி வந்து டிவி பெட்டி பக்கத்தில் வைத்துச் சாகடிப்பதுதான் பாவம்.

மயமதம் போன்ற பழைய நூல்கள் எழுதப்பட்ட காலத்தில் நம் ஊரில் ஜப்பானியத் தட்டுச் செடியை யார் பார்த்தார்கள்? அதைவிடக் கூத்து, அதே வாஸ்துக்காரர் கூடத்தில் வைக்கச் சொல்லி ஒரு 'லக்கி பேம்பூ' விற்றுவிட்டுப் போனார். அது மூங்கிலே இல்லை, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த டிரசீனா. தலையை வெட்டி, சிவப்புக் கயிறு கட்டி, மண்ணே இல்லாமல் தண்ணீரில் நிற்க வைத்திருக்கிறார்கள். அது அதிர்ஷ்டமாம், என் செடி தரித்திரமாம்!

ஹிரோஷிமாவில் யமாகி என்ற குடும்பம் 1625 முதல் தொட்டியில் வளர்க்கப்படும் ஒரு பைன் போன்சாயை வைத்திருந்தது. 6-8-1945 அன்று அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் அவர்கள் வீடு. மரமும் பிழைத்தது, குடும்பமும் பிழைத்தது. 1976-ல் அந்த மரத்தை, குண்டு போட்ட அமெரிக்காவுக்கே அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். இப்போது வாஷிங்டனில் இருக்கிறது. மரம்தான் அவர்களைக் காப்பாற்றியது என்று நான் சொன்னால் அதுவும் மூடநம்பிக்கைதான். மரத்தை மறைத்து நின்றது ஒரு மதில் சுவர், அவ்வளவே.

சரி, அக்கா விஷயத்துக்கு வருகிறேன். கடைசியாக வந்த மாப்பிள்ளை வீட்டில் 40 சவரன் கேட்டார்கள். அதை எந்தத் தொட்டியிலும் நான் நட்டு வைக்கவில்லை. ஒரு கணக்கில் எழுத வேண்டிய பற்றை வேறு கணக்கில் எழுதினால் முதலாம் ஆண்டு மாணவனுக்கே மதிப்பெண் போடமாட்டார்கள். கேட்டவர்களைக் கேள்வி கேட்கத் தைரியம் இல்லாமல், பதில் பேசாத செடி மேல் பழியைப் போடுகிறோம். இன்றைக்குச் செடி. நாளைக்கு "இவ ராசி அப்படி" என்று அக்கா மேலேயே போடுவார்கள். என் கோபமெல்லாம் அதற்குத்தான்.

எருக்குழியிலிருந்து செடியை எடுத்து வந்தது அக்காதான். பீங்கான் தட்டு உடைந்திருந்தது. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே இருக்கும்போது சீனத்துப் பீங்கான் எதற்கு என்று, அங்கே ஒரு குயவரிடம் சொல்லி, அடியில் இரண்டு ஓட்டை வைத்த அகலத் தட்டு ஒன்று வாங்கி வந்தோம். மறுபடி மாடியில், அதே இடத்தில் வைத்தாயிற்று. அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

துளிர் விட்டிருக்கிறது. நுனியைக் கிள்ளாமல் காத்திருக்கிறேன்.