சொல்லுக்குப் பூசிய சாயம்

ஆங்கிலத்தில் நிறங்களைக் கொண்டு அமைந்த மரபுத்தொடர்கள் ஏராளம். அவற்றுள் பல, இந்திய மொழிகளில் சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பட்டு, செய்தித்தாள்களிலும் அரசு அறிக்கைகளிலும் நாடாளுமன்ற உரைகளிலும் வேரூன்றிவிட்டன. சிவப்பு நாடா, கறுப்புப் பணம், பசுமைப் புரட்சி, கறுப்புப் பட்டியல் என்று தமிழிலும் அவை தயக்கமின்றி வழங்குகின்றன. இவற்றை மொழிக்கு அழகு சேர்க்கும் அணிகள் என்று மட்டும் கொள்வதற்கில்லை. ஒரு செயலுக்கு நிறம் பெயராகும்போது, அச்செயலைச் செய்தவர் யார், அதனால் இழந்தவர் யார் என்னும் இரு கேள்விகளும் மறைந்துபோகின்றன.

சிவப்பு நாடாவை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் சட்ட ஆவணங்களையும் அரசுக் கோப்புகளையும் செந்நிற நாடாவால் கட்டும் வழக்கம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் கார்லைல், டிக்கன்ஸ் போன்ற எழுத்தாளர்கள் அதனை அதிகார வர்க்கத்தின் மந்தத்தைச் சாடும் ஏளனச் சொல்லாகப் பரப்பினர். காலனி ஆட்சியோடு நாடாவும் சொல்லும் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தன. ஓய்வூதியத்திற்காகவும் குடும்ப அட்டைக்காகவும் அலுவலக வாசலில் காத்துக் கிடக்கும் எளியவருக்கு அச்சொல்லின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் 1991க்குப் பின் அதன் பொருள் இடம் மாற்றப்பட்டது. மூலதனத்தைக் கட்டுப்படுத்தும் எந்தச் சட்டமும் சிவப்பு நாடாவே என்றாயிற்று. 2014 செப்டம்பரில் டோக்கியோவில் பேசிய பிரதமர், இந்தியாவில் இனிச் சிவப்பு நாடா இல்லை, சிவப்புக் கம்பளமே உண்டு என்ற பொருள்பட ஜப்பானிய முதலீட்டாளர்களுக்கு உறுதியளித்தார்.

நாடா அறுக்கப்பட்டபோது அறுந்தது எது? 2019, 2020 ஆண்டுகளில் 29 தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாகச் சுருக்கப்பட்டன. 100 தொழிலாளர் பணிபுரியும் ஆலையில் ஆட்குறைப்புச் செய்யவோ ஆலையை மூடவோ அரசின் முன் அனுமதி வேண்டும் என்றிருந்த வரம்பு, 300 ஆக உயர்த்தப்பட்டது. 299 பேர் உழைக்கும் ஆலையின் தொழிலாளிக்கு இருந்த பாதுகாப்பு, ஒரு மரபுத்தொடரின் மறைவில் பறிபோயிற்று. நாடாவை அறுப்பதை யார்தாம் எதிர்ப்பர்? வேலைப் பாதுகாப்பை அறுக்கிறோம் என்று சொல்லியிருந்தால் எதிர்ப்பு வேறாக இருந்திருக்கும்.

கறுப்புப் பணம் என்னும் தொடர் செய்த கேடு இன்னும் வெளிப்படையானது. வரி ஏய்ப்பு என்பது ஒரு நடைமுறை. பட்டியலில் விலையைக் குறைத்துக் காட்டுவது, நிலத்திலும் தங்கத்திலும் முடக்குவது, வெளிநாட்டுக்குக் கடத்திச் சுற்றி வரவழைப்பது என்று அது இடைவிடாது இயங்குகிறது. ‘கறுப்பு’ என்ற அடைமொழியோ அந்த இயக்கத்தை, எங்கோ மூட்டை கட்டி வைக்கப்பட்ட நோட்டாகக் கற்பனை செய்ய வைத்தது. 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டபோது, நோட்டை ஒழித்தால் கறுப்பு ஒழியும் என்று பலர் நம்பியதற்கு இந்தக் கற்பனையும் ஒரு காரணம். அந்த நோட்டுகளில் 99.3 விழுக்காடு வங்கிக்குத் திரும்பிவிட்டதாக ரிசர்வ் வங்கியே 2018இல் அறிவித்தது. ஏய்த்தவரின் சொத்து அசையவில்லை. அன்றாடக் கூலியைத் துறந்து வரிசையில் நின்றவர்களே விலை கொடுத்தனர்.

பசுமைப் புரட்சி என்னும் பெயர் தற்செயலாகப் பிறந்ததன்று. 1968 மார்ச்சில் அமெரிக்க வெளிநாட்டு உதவி முகமையின் தலைவர் வில்லியம் காட் தம் உரையொன்றில் அதனை வழங்கினார். சோவியத்தின் சிவப்புப் புரட்சியும் வேண்டாம், ஈரான் மன்னரின் வெள்ளைப் புரட்சியும் அன்று, இது பசுமைப் புரட்சி என்பதே அவர் கருத்து. ஒரு நிறத்தைத் தடுக்கவே இன்னொரு நிறம் தேர்ந்தெடுக்கப்பட்டது. விதையும் உரமும் வந்தன. நிலம் யாருக்கு என்ற கேள்வி ஒதுக்கப்பட்டது. 1960களின் தொடக்கத்திலேயே தீவிர வேளாண் திட்டத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டம் தஞ்சை. அதே 1968 டிசம்பர் 25 அன்று, அதே தஞ்சையின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் செங்கொடியின்கீழ் திரண்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். பசுமை என்ற சொல்லுக்குள் அந்தத் தீக்கு இடமில்லை.

கறுப்புப் பட்டியலுக்கும் வர்க்க வரலாறு உண்டு. வேலைநிறுத்தம் செய்தவருக்கு வேறெங்கும் வேலை கிடைக்காதபடி முதலாளிகள் தமக்குள் பெயர்களைப் பகிர்ந்துகொண்ட ஏடு அது. பிரிட்டனில் கட்டுமான நிறுவனங்களுக்காகப் பராமரிக்கப்பட்ட அத்தகைய கோப்புகளில் 3,213 பெயர்கள் இருந்ததை 2009இல் தகவல் ஆணையர் அலுவலகம் கண்டறிந்தது. பணியிடப் பாதுகாப்புக் குறித்துக் குரல் எழுப்பியதே பலர் செய்த குற்றம்.

இங்கே இயக்கமும் தன் சொற்களைச் சோதித்தாக வேண்டும். வேலைநிறுத்தத்தை உடைப்பவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் நேர்பொருள் ‘கருங்கால்’. 18ஆம் நூற்றாண்டில் குதிரைப் பந்தய மோசடிக்காரரைக் குறித்த சொல் அது. தமிழ்த் தொழிற்சங்க மேடைகளில் அதற்கிணையாக ஒலிப்பது ‘கருங்காலி’. உறுதிக்குப் பெயர்பெற்ற ஒரு மரத்தின் பெயர், துரோகத்தின் பெயராயிற்று. வெயிலில் கறுத்த உழைப்பாளிகளின் இயக்கம், கருமையை இழிவின் குறியாக ஏன் சுமக்க வேண்டும்? ‘வேலைநிறுத்தத்தை உடைப்பவர்’ என்றால் எவருக்கும் விளங்கும்.

நீண்ட சொல் முழக்கத்திற்கு உதவாது என்பார் உண்டு. அவர்கள் கூற்றில் உண்மையில்லாமல் இல்லை. ஆயினும் வாயிற்கூட்டத்தில் நிற்கும் தொழிலாளிக்குச் ‘சிவப்பு நாடா ஒழிப்பு’ என்பதைவிட, ‘அனுமதியின்றி ஆட்குறைப்பு’ என்பதே தன் வாழ்வைத் தொடும். நிறத்தைப் பெயர்ப்பது எளிது. யார், யாருக்கு, என்ன செய்தார் என்பதைப் பெயர்ப்பதே வர்க்கத்தின் பக்கம் நிற்கும் மொழியின் கடமை.