ஒரு சோறு பதம்: எந்தப் பானைக்கு?

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்று நம் வீட்டுப் பெண்கள் கண்ட முறையைவிடச் சிக்கனமான மாதிரிச் சோதனை எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை. ஆனால் அந்தப் பழமொழி சொல்லாமல் விட்ட நிபந்தனைகள் இரண்டு உண்டு. பானையில் ஒரே அரிசி வேகவேண்டும். எடுக்கிற சோறு அந்தப் பானைச் சோறாகவே இருக்கவேண்டும். தில்லிக்கு வேதியியல் படிக்க வந்த நான், இந்த இரண்டையும் கற்றது பாடப்புத்தகத்தில் அன்று. ஒரு பிளாஸ்டிக் பையில்.

கடைகளில் ‘சோளத்தால் ஆனது’, ‘தாவரப் பொருள்’ என்று பச்சை எழுத்தில் அச்சிட்ட பைகளையும் குவளைகளையும் நண்பர்கள் கண்டிருப்பீர்கள். அது மெய்யா என்று அறிய ஒரு வழி உண்டு. காற்றிலுள்ள கரியமிலவாயுவில் மிகமிகச் சிறிய அளவில் கார்பன்-14 இருக்கிறது. செடி அதை உண்டு வளர்கிறது. 5730 ஆண்டுக்கு ஒருமுறை அது பாதியாகத் தேய்வதால், கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த பெட்ரோலியத்தில் அது அறவே இல்லை. 1949-இல் சிகாகோவில் லிபி என்பார் பழம்பொருள்களின் வயதை அளக்கக் காட்டிய வழி இது. 1960-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதே வழியைத் தொழிற்பொருள்களுக்கு வகுத்துத் தந்தது 2004-இல் வந்த ஏ.எஸ்.டி.எம். டி6866 என்னும் அமெரிக்கத் தரமுறை. பொருளை எரித்து, வந்த வாயுவைக் கிராபைட்டாக்கி, முடுக்கியில் இட்டுக் கார்பன்-14 அணுக்களை எண்ணுகிறார்கள். இங்கே தில்லியில் பல்கலைக்கழகங்களுக்கிடை முடுக்கி மையத்திலேயே அவ்வாறு எண்ணும் கருவி இருக்கிறது.

கருவியைப் பற்றி எல்லோரும் வியந்து பேசுகிறோம். அதற்குள் போகும் கார்பன் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம்தான் என்பதை யார் நினைக்கிறார்கள்? அதில் நூற்றில் ஒரு பங்கு வேற்றுக் கார்பன் கலந்தாலே விடை பிசகிவிடும். பெட்ரோலிய அசிட்டோனால் துடைத்து, அது முழுதும் போகுமுன் எரித்தால் செடியின் பங்கு குறைந்து காட்டும். காகிதத்தூள் ஒட்டினால் கூடிக் காட்டும். சுண்ணாம்புத்தூள் கலந்த பையாயின் அமிலத்தால் அதை நீக்கவேண்டும், ஏனெனில் கணக்கு கரிமக் கார்பனுக்கு மட்டுமே. காகிதக் குவளையோ இன்னும் பொல்லாதது. வெளியே மரக்கூழ், உள்ளே மெல்லிய பூச்சு. சுவரில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு போனேன். “அடிப்பாகத்தை யார் வெட்டுவது?” என்று மூத்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் கேட்டார். முழுக் குவளையையும் திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பொடியாக்கிக் கலந்த பிறகே அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுக்கலாம் என்று அன்று புரிந்தது. முதல் நிபந்தனை இது.

இரண்டாவது நிபந்தனையில்தான் எனக்கு மனக்குறை. ஒரு நிறுவனத்திலிருந்து பைக்குச் சான்று கேட்டு உறை வந்தது. பிரித்தால் பை இல்லை. பை செய்வதற்கு முந்திய வெறும் மணிகள்! பையாகும்போது அவற்றோடு நிறமணிகளும் வேறு பிசின்களும் சேரும். அவற்றுள் பல பெட்ரோலியத்தில் பிறந்தவை. மணிக்கு நாம் தரும் எண் மெய். பையின்மேல் அச்சேறியதும் அதே எண் பொய். நான் கேட்டபோது, “வந்ததைச் சோதிப்பதே நம் வேலை” என்று பதில் கிடைத்தது.

அது அத்தனை எளிதில் தள்ளிவிடக்கூடிய பதிலும் அன்று. ஆய்வுக்கூடம் போலீஸ் நிலையம் அல்லவே! கடைகடையாய் ஏறிப் பை பொறுக்க ஆளேது, பணமேது? ஆயினும் என் கருத்து வேறு. சான்றிதழில் எண் எவ்வளவு பெரிதாக அச்சாகிறதோ, அவ்வளவு பெரிதாக ‘சோதித்தது இன்ன பொருள், எடுத்தவர் இன்னார்’ என்பதும் அச்சாகவேண்டும். பைக்குச் சான்று வேண்டுவோர் பையையே, அதுவும் விற்பனைக்கு வந்த பையையே, தரவேண்டும். இதற்குப் புதுக் கருவி வேண்டியதில்லை.

(செடியிலிருந்து வந்ததெல்லாம் மண்ணில் மக்கும் என்றும் நம்பிவிடாதீர்கள். கரும்பில் செய்த பாலிஎத்திலீன் பெட்ரோலியப் பாலிஎத்திலீனைப் போலவே மக்காமல் கிடக்கும்.)

மாதிரி வெட்டுவதும் அரைப்பதும் உதவியாளர் வேலை என்று முகம் சுளிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. முடுக்கியின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வோம். உரலின் முன் நிற்கமாட்டோம். நானும் அப்படித்தான் வந்தேன். இப்போது அரைக்கும் அறையைக் கூட்டுவதும் என் பொறுப்பே. அங்கே சிந்திய தூள் அடுத்தவர் விடையில் போய் உட்காரும் என்று தெரிந்துவிட்டது.

அந்த அறிக்கையில் ‘பெறப்பட்டவை மணிகள்; பை பெறப்படவில்லை’ என்று ஒரு வரி சேர்த்தேன். பேராசிரியர் படித்துவிட்டு, அடிக்காமல் கையெழுத்திட்டார். அந்த நிறுவனத்தின் பை ஒன்றைக் கடையில் வாங்கி, பெயரும் தேதியும் எழுதி, மேசையறையில் வைத்திருக்கிறேன். கருவியில் எனக்கு முறை வர இன்னும் இரண்டு மாதம்.